டேப்பர் லேசரைக் கணினியில் கட்டுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வந்தாறுமூலை, ஒலுவில், சம்மாந்துறை வளாகங்களில் பௌதிகமோ பொறியியலோ படித்து, இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு உயர் வலு லேசர் மாதிரியாக்கத்தை எடுக்க யோசிப்பவர்களுக்கான பக்கம் இது. வலு, நயம், அவத்தை, கோணல், முறிவுச் சுட்டி என்று உயர்தரப் பாடத்தில் பழகிய சொற்களையே வைத்திருக்கிறோம். கணக்குகள் எல்லாம் ஒரே உதாரண லேசரைச் சுற்றி ஓடும்: அலைநீளம் 980 நனோமீற்றர், 1 மி.மீ. நீளம், 4 மைக்ரோன் அகலத்தில் ஒடுங்கிய பகுதி. அதைத் தொடர்ந்து 2 மி.மீ. நீளத்தில் 6 பாகை முழுக்கோணத்தில் விரியும் பகுதி.

டேப்பர் லேசர் என்றால் என்ன? ஏன் இந்த விசித்திர வடிவம்?

குறைகடத்தி லேசரில் இரண்டு ஆசைகள் ஒன்றோடொன்று மோதும். ஒளிவழியை 3, 4 மைக்ரோனுக்கு ஒடுக்கினால் கற்றை அழகாக, ஒரே வகையாக (மோட்) வரும். ஆனால் அத்தனை வலுவும் அந்தச் சிறு வாயால் வெளியேற வேண்டியிருப்பதால் ஒரு வாற்று அளவிலேயே முகம் உருகிப் பழுதாகும் அபாயம் வந்துவிடும். வழியை 100 மைக்ரோனுக்கு அகட்டினால் 10 வாற்று எடுக்கலாம். கற்றையோ பல மோட்கள் கலந்து, நுண்ணிய புள்ளியில் குவிக்க முடியாததாகிவிடும்.

டேப்பர் லேசர் இரண்டையும் ஒரே சில்லில் சேர்க்கிறது. ஒடுங்கிய பகுதி கற்றையின் தரத்தைத் தீர்மானிக்கும். விரியும் பகுதி அதை வலுவாக்கும். வாய்க்காலில் ஒழுங்காக வரும் நீரை வக்கடையால் வட்டைக்குள் விடுவதுபோல, ஒளி தானே கோணலால் விரிந்துகொண்டு போகும். விரியும் இடத்துக்கு மட்டும் மின்னோட்டம் கொடுத்து நயம் ஊட்டுகிறோம். அங்கே பக்கச் சுவர் கிடையாது. இது முக்கியம். சுவர் வைத்தால் மோட்கள் பெருகி, அகன்ற லேசரின் நோய் திரும்ப வரும்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. லிங்கன் ஆய்வுகூடத்தில் இந்த வடிவம் நன்கு வளர்ந்தது. பின்னர் பேர்லினில் உள்ள பெர்டினாண்ட் பிரவுண் நிறுவனம் இதே குடும்பத்தில் 10 வாற்றைத் தாண்டியது. நார் லேசர்களை ஊட்டவும், 1060 நனோமீற்றரை இரட்டித்துப் பச்சை ஒளி எடுக்கவும் இவை பயன்படுகின்றன.

6 பாகை எங்கிருந்து வந்தது?

ஒளியே சொன்ன கோணம் அது. ஒடுங்கிய பகுதியின் மோட்டை 2 மைக்ரோன் ஆரையுள்ள மணிவடிவ (கோசியன்) கற்றை என்று வையுங்கள். பொருளின் முறிவுச் சுட்டி 3.3. அரைக்கோணம் = அலைநீளம் ÷ (பை × ஆரை × சுட்டி) = 0.98 ÷ (3.14 × 2 × 3.3) = 0.047 ரேடியன், அதாவது 2.7 பாகை. முழுக்கோணம் 5.4. அதைவிடச் சற்றே அகலமாக 6 என்று வைக்கிறோம்.

கோணத்தை 3 பாகைக்குக் குறைத்தால் ஒளியின் ஓரம் மின்னோட்டம் இல்லாத இடத்தில் போய் உறிஞ்சப்படும். நயத்தின் விளிம்பே சுவர்போல நடந்து மோட்களை உண்டாக்கும். 10 பாகையாக்கினால் ஓரங்களுக்கு ஒளி போய்ச் சேராது. அங்கே தேங்கும் காவிகள் (இலத்திரன், துளைகள்) வீணாகத் தன்னிச்சையாக ஒளிரும்.

விரியும் பகுதியின் இறுதி அகலம் ஏறத்தாழ 214 மைக்ரோன். வெளியே வரும்போது சினெல் விதிப்படி 6 பாகை 20 பாகையாகும். கிடைத்தளத்தில் பார்த்தால் ஒளி முன்முகத்துக்கு 2000 ÷ 3.3, அதாவது சுமார் 0.6 மி.மீ. பின்னாலுள்ள ஒரு மாயப் புள்ளியிலிருந்து புறப்பட்டதுபோல் தெரியும். நிலைக்குத்துத் தளத்திலோ புறப்படும் இடம் முகமே. ஆகவே ஒரே வட்ட வில்லையால் இரண்டு தளங்களையும் நேராக்க முடியாது; உருளை வில்லை ஒன்று கட்டாயம் வேண்டும். உங்கள் கணிப்பில் இந்த 0.6 மி.மீ. கிடைக்காவிட்டால் மேற்கொண்டு போகாதீர்கள், நிரலில் எங்கோ பிழை.

நிரல் எழுதுமுன் தாளில் என்ன பார்க்க வேண்டும்?

தொடக்க ஓட்டத்தை, அதாவது லேசர் வேலைசெய்யத் தொடங்கும் மின்னோட்டத்தை. இதைத் தாளில் போட்டுப் பாராமல் நேரே நிரலுக்குத் தாவுகிறவர்களே அதிகம். பிறகு விடை 4 அம்பியர் என்று வந்தாலும் நம்பிவிடுகிறார்கள்.

முன்முகத் தெறிப்பு 1%, பின்முகம் 95% என்க. முன்முகத்தில் தெறித்த ஒளி திரும்பிப் போகும்போதும் விரிந்துகொண்டே போகிறது, அதனால் ஒடுங்கிய வாய்க்குள் நுழைவது சொற்பம். இந்த உதாரணத்தில் கோசியன் கற்றைக் கணக்கு ஏறத்தாழ 2% என்று தரும். ஆக ஒரு சுற்றில் மிஞ்சுவது 0.01 × 0.02 × 0.95. இதன் தலைகீழ் சுமார் 5260; இயற்கை மடக்கை 8.6. உள் இழப்பு செ.மீ.க்கு 2, போய்வரும் தூரம் 0.6 செ.மீ., எனவே இன்னும் 1.2. மொத்தம் 9.8ஐ 0.6ஆல் வகுத்தால் மோட் நயம் செ.மீ.க்கு சுமார் 16.

ஒளியில் 1.5% மட்டுமே குவாண்டம் கிணற்றுக்குள் (நயம் தரும் மெல்லிய படைக்குள்) விழுகிறது என்றால் பொருள் நயம் செ.மீ.க்கு ஏறத்தாழ 1090 வேண்டும். நயம் = 1800 × இயற்கை மடக்கை (அடர்த்தி ÷ ஒளிபுகு அடர்த்தி) என்ற சூத்திரத்தில், ஒளிபுகு அடர்த்தி (நயமும் உறிஞ்சலும் சமமாகும் காவி அடர்த்தி) கன செ.மீ.க்கு 1.5 × 10¹⁸ ஆனால், தேவையான காவி அடர்த்தி 2.7 × 10¹⁸. இந்த அடர்த்தியைத் தாங்க, 8 நனோமீற்றர் கிணற்றுக்குச் சதுர செ.மீ.க்கு சுமார் 175 அம்பியர். மொத்தப் பரப்பு 0.0022 சதுர செ.மீ. விடை: 0.4 அம்பியர். கணிப்பு 0.3க்கும் 0.6க்கும் இடையில் தந்தால் ஏற்கலாம்.

எந்த மட்டத்து மாதிரி போதும்?

கேள்வியைப் பொறுத்தது. வலுவும் ஓட்டமும் மட்டும் வேண்டுமென்றால் நீளவாக்கில் மட்டும் போகும் ஒருபரிமாண வீதச் சமன்பாடு போதும், ஒரு பின்னேரத்தில் எழுதலாம். கற்றையின் வடிவம் வேண்டுமானால் நீளமும் அகலமும் சேர்ந்த இருபரிமாணக் கற்றைச் செலுத்தல் முறை (பீபிஎம்) கட்டாயம். மின்முனையிலிருந்து ஓட்டம் படைகளுக்குள் எப்படிப் பரவுகிறது, வோல்ற்றளவு எவ்வளவு என்பதற்கு ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் இலத்திரன், துளை நகர்வுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் அரை முப்பரிமாண மாதிரி வேண்டும்; அதைத் தனியொரு மாணவர் ஒரு வருடத்தில் முடிப்பது கடினம். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு எங்கள் தெரிவு நடுமட்டம்: பீபிஎம், காவிப் பரவல், பிறகு எளிய வெப்பம்.

பீபிஎம் நிரலின் ஓட்டம் எப்படி?

அகலத்தில் 0.25 மைக்ரோன் இடைவெளியில் 2048 புள்ளிகள் எடுத்தால் 512 மைக்ரோன் சாளரம் கிடைக்கும். நீளத்தில் 5 மைக்ரோன் படியில் 600 வெட்டுகள். முன்னே போகும் புலம், பின்னே வரும் புலம், காவி அடர்த்தி என மூன்று அணிகள்; எல்லாம் சேர்ந்தும் 50 மெகாபைற் அளவுதான்.

ஒவ்வொரு படியிலும் மூன்று வேலை. முதலில் அரைப்படிக் கோணல்: பூரியர் மாற்றம் எடுத்து அவத்தையால் பெருக்கித் திருப்புங்கள். அடுத்து அந்த வெட்டின் நயம், இழப்பு, சுட்டி மாற்றம் ஆகியவற்றால் புலத்தைப் பெருக்குங்கள். பின் மீண்டும் அரைப்படிக் கோணல். ஒடுங்கிய பகுதியில் 4 மைக்ரோனுக்குள் சுட்டி ஆயிரத்தில் சில பங்கு உயர்வாக இருக்க வேண்டும். விரியும் பகுதியில் அந்த உயர்வு கிடையாது. முன்முகத்தை அடைந்ததும் தெறிப்பின் வர்க்கமூலத்தால் பெருக்கித் திருப்பி அனுப்புங்கள். பின்முகத்திலும் அப்படியே. 1961இல் பொக்ஸும் லீயும் லேசர் குழிகளுக்குக் காட்டிய வழி இதுதான்: ஒளியைப் போகவும் வரவும் விட்டு, வடிவம் மாறாமல் நிற்கும்வரை சுற்றுவது.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் காவி அடர்த்தியைப் புதுப்பிக்க வேண்டும். பரவல் + உட்செலுத்தும் ஓட்டம் − மீள்சேர்க்கை − தூண்டிய காலல் = 0. அகலவாக்கில் இது மூன்று மூலைவிட்டத் தாயம், விரைவாகத் தீரும். போகும் ஒளி, வரும் ஒளி இரண்டின் செறிவையும் வெறுமனே கூட்டினால் போதும். இரண்டும் தலையிட்டு உண்டாகும் நிலையலையின் இடைவெளி 0.15 மைக்ரோன், காவிகள் பரவும் தூரமோ 1.4 மைக்ரோன். அந்த வரிகளைப் பரவல் அழித்துவிடும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று: புலத்தின் வர்க்கத்தை «அகலத்தின் ஒரு மைக்ரோனுக்கு இத்தனை வாற்று» என்று வைத்தால், நிலைக்குத்துப் பரம்பல் ஏற்கெனவே தொகையிடப்பட்டுவிட்டது. அப்போது 1.5% காரணி ஒருமுறைதான் வரும், கிணற்றின் தடிப்பால் ஒருமுறை வகுக்க வேண்டும். காரணியை இரண்டு தரம் போட்டவர்களுக்கு நிரம்பலே (ஒளி ஏற ஏற நயம் குறைவது) வராது. வலு எல்லையின்றி ஏறும்.

அளவுருக்களை எங்கே எடுப்பது?

இந்தியம் கலியம் ஆர்சனைட் கிணற்றுக்கு, மேலே சொன்னவற்றோடு இவற்றைத் தொடக்கமாக வைக்கலாம்: பரவல் குணகம் செக்கனுக்கு 10 சதுர செ.மீ.; மீள்சேர்க்கையில் நேரியல் பகுதி 2 × 10⁸, இருபடிப் பகுதி 10⁻¹⁰, முப்படிப் பகுதி 3.5 × 10⁻³⁰ (செ.மீ., செக்கன் அலகுகளில்), ஹென்றி காரணி (காவி மாறும்போது சுட்டி எவ்வளவு மாறும் என்பதன் அளவு, கீழே வரும்) 2 முதல் 4. இவற்றால் வரும் காவி ஆயுள் 2 நனோ செக்கன்.

ஆனால் வெவ்வேறு கட்டுரைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்காதீர்கள். ஒருவரின் நயச் சூத்திரமும் இன்னொருவரின் ஒளிபுகு அடர்த்தியும் ஒத்துப்போகா. ஒரே படை அமைப்பில் வெவ்வேறு நீளங்களில் வெட்டிய அகன்ற லேசர்களின் அளவீட்டிலிருந்து உள் இழப்பு, உள் வினைத்திறன், நயம் மூன்றையும் சேர்த்து எடுத்திருக்கும் கட்டுரை ஒன்றைப் பிடித்து, அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். எங்கள் அனுபவத்தில் முடிவு பிசகுவதற்கு நிரலைவிட அளவுருக்களே பெரும்பாலும் காரணம்.

நயத்துக்கு நேர்கோட்டுச் சூத்திரம் போடாதீர்கள். விரியும் பகுதியின் ஓரத்தில் ஒளி குறைவு, காவி நிறையத் தேங்கும். அங்கே மடக்கைச் சூத்திரம் தன்னைத் தானே மட்டுப்படுத்தும். நேர்கோடு ஓரத்தை மிகையாக ஊதிக் கற்றைக்குக் கொம்பு முளைக்க வைக்கும்.

வலு ஏறும்போது கற்றை ஏன் இழைகளாகப் பிரிகிறது?

மாரி வெள்ளத்தில் முகத்துவாரம் வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். முதலில் வெட்டுவது ஒடுங்கிய கால்வாய்தான். நீர் பாயும் இடத்தில் மணல் அரிபடும், அரிபட்டதால் ஆழமாகும், ஆழமானதால் இன்னும் நீர் அங்கேயே இழுபடும்.

லேசரில் மணலின் இடத்தில் காவிகள். ஒளி செறிவாக உள்ள நடுப்பகுதியில் தூண்டிய காலல் காவிகளைத் தின்கிறது. காவி குறைந்தால் முறிவுச் சுட்டி கூடும். சுட்டி கூடிய இடம் வில்லைபோல் ஒளியை உள்ளே வளைக்கும். செறிவு மேலும் ஏறும், காவி மேலும் குறையும். இந்த வட்டத்தின் வலிமையைச் சொல்லும் எண்தான் ஹென்றி காரணி (1982இல் சாள்ஸ் ஹென்றி லேசரின் கோட்டகலத்தை விளக்கும்போது முன்வைத்தது). நடுவில் மோட் நயம் செ.மீ.க்கு 5 குறைந்து, காரணி 3 ஆனால், 2 மி.மீ. ஓட்டத்தில் அவத்தை வேறுபாடு 3 × 5 × 0.2 ÷ 2 = 1.5 ரேடியன். கற்றையைக் கெடுக்க இது தாராளம்.

குறியில் எல்லோரும் ஒருமுறையாவது சறுக்குவார்கள். பூரியர் மாற்றத்தின் குறி வழக்கும் ஹென்றி அவத்தையின் குறியும் பொருந்தாவிட்டால் ஒளி குவிவதற்குப் பதில் விரியும், கற்றையின் தரம் சந்தேகப்படும்படி அழகாக வரும். சோதிக்க இலகுவான வழி: செறிவான கோசியன் கற்றை ஒன்றை நிரம்பும் ஊடகத்தில் விடுங்கள். கோணலால் மட்டும் விரிவதைவிட ஒடுங்கினால் குறி சரி.

இன்னொரு பொறி சமச்சீர். நேரம் மிச்சப்படுத்த அரைவாசிச் சாளரத்தில் கணிப்பவர்கள் உண்டு. இழைகள் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்தே தொடங்கும். அரைச்சாளரம் அவற்றை ஒளித்துவிடும். முழுச்சாளரம் எடுத்து, தொடக்கப் புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இரைச்சலும் சேருங்கள்.

வெப்பத்தைச் சேர்க்காமல் விடலாமா?

துடிப்பு ஓட்டத்தில் விடலாம். தொடர் ஓட்டத்தில் கூடாது. 3 அம்பியர், 1.7 வோல்ற்று என்றால் உள்ளே போவது 5.1 வாற்று. வெளியே 2.3 வாற்று ஒளியாக வந்தால் மிச்சம் 2.8 வாற்றும் சூடு. வெப்பத் தடை வாற்றுக்கு 4 கெல்வின் என்றால் 11 கெல்வின் உயர்வு.

சராசரி உயர்வு அலைநீளத்தை நகர்த்தும் (நய உச்சம் கெல்வினுக்கு சுமார் 0.3 நனோமீற்றர்). கற்றையைத் தொடுவது அகலவாக்கில் உள்ள வேறுபாடு. ஒடுங்கிய பகுதி குளிர்ந்திருக்கும். அகன்ற முனையின் நடுதான் சூடு. நடுவுக்கும் ஓரத்துக்கும் 3 கெல்வின் வேறுபாடு என்றால் சுட்டி 9 × 10⁻⁴ மாறும். 2 மி.மீ. தூரத்துக்கு அது 11 ரேடியனுக்கு மேல். காவியால் வந்த 1.5 ரேடியனோடு ஒப்பிட்டால் வெப்பம் பூதம்போல் தெரியும். ஆனால் வெப்ப வில்லை மிருதுவானது, ஏறத்தாழப் பரவளைவு. மாயப் புள்ளியை நகர்த்தும், உருளை வில்லையைச் சற்று நகர்த்தினால் பெரும்பகுதி சரியாகும். காவிகள் எழுதும் அவத்தையோ கரடுமுரடு. எந்த வில்லையாலும் திருத்த முடியாது. எண்ணில் சிறியதைத்தான் இங்கே கூடுதலாகப் பயப்பட வேண்டும்.

கலியம் ஆர்சனைட்டின் வெப்பக் கடத்தாறு மீற்றர் கெல்வினுக்கு சுமார் 45 வாற்று, செம்பு 400. சில்லின் கீழ்த் தளத்தை நிலையான வெப்பநிலை என்று வைத்துவிடாதீர்கள். பற்றாசுப் படையையும் தாங்கியையும் சேர்க்காவிட்டால் உயர்வு பாதியாகத் தெரியும்.

சுற்றுகள் நூறு தாண்டியும் விடை நிலைக்கவில்லை, ஆடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்ய?

முதலில் காவி அடர்த்தியை மெதுவாகப் புதுப்பியுங்கள்: பழையதோடு வேறுபாட்டின் 0.2 பங்கை மட்டும் கூட்டுங்கள். இன்னும் ஆடினால் 0.1. ஓட்டத்தையும் ஒரே பாய்ச்சலில் 3 அம்பியருக்கு ஏற்றாமல் 0.25 அம்பியர் படிகளில் ஏற்றி, முன்னைய விடையை அடுத்ததன் தொடக்கமாகக் கொடுங்கள். அலைநீளத்தைக் கைக்கு வந்தபடி நிலையாக்கியிருந்தால், ஒரு சுற்றின் பின் புலத்தின் அவத்தையும் பழைய இடத்துக்கு வராது. அதைச் சரிசெய்ய ஒவ்வொரு சுற்றிலும் மொத்த அவத்தை நகர்வைக் கழியுங்கள்.

இவ்வளவும் செய்தும் குறிப்பிட்ட ஓட்டத்துக்கு மேல் ஆடினால், நிரலைக் குறை சொல்லாதீர்கள். அந்த ஓட்டத்தில் உண்மை லேசருக்கே நிலையான ஒற்றை விடை இல்லாதிருக்கலாம். மோட்கள் போட்டியிட்டு நனோ செக்கன்களில் தாவிக்கொண்டிருக்கும். ஆடும் விடைகளின் சராசரியை எடுத்து «இதுதான் கற்றை» என்று அறிக்கையில் போடுவது மட்டும் வேண்டாம். ஆட்டம் தொடங்கும் ஓட்டத்தைக் குறித்து எழுதினால் அதுவே பெறுமதியான முடிவு.

சிறுகோண அண்ணளவு போதுமா?

ஒளி அச்சோடு சிறு கோணத்தில்தான் போகும் என்று கொள்ளும் இந்த அண்ணளவின் அவத்தை வழு, கோண சைனின் நாலாம் அடுக்கை 8ஆல் வகுத்து அலையெண்ணாலும் தூரத்தாலும் பெருக்கினால் வரும். 2 மி.மீ.க்கு 3 பாகையில் 0.04 ரேடியன், 5 பாகையில் 0.3, 10 பாகையில் 4.8. நமது 6 பாகை டேப்பருக்கு (அரைக்கோணம் 3) போதும். பூரியர் முறை பாவித்தால் இந்தக் கேள்வியே வேண்டாம்: சீரான ஊடகத்தின் கோணல் படிக்குச் சரியான வர்க்கமூலத்தையே போடலாம், செலவு ஒன்றுதான். வித்தியாச முறையில் எழுதுபவர்களுக்கு ஹாட்லி 1992இல் தந்த பாடே வடிவம் (வர்க்கமூலத்துக்குப் பின்ன அண்ணளவு) உண்டு.

சாளரத்தின் இரு ஓரத்திலும் 40 மைக்ரோனுக்கு மெதுவாக ஏறும் உறிஞ்சற் படை வையுங்கள். திடீரென ஏறினால் அதுவே கண்ணாடிபோல் தெறிக்கும்.

முன்முகத் தெறிப்பைக் கூட்டினால் தொடக்க ஓட்டம் குறையுமே, ஏன் 1%க்கு அடக்குகிறார்கள்?

திரும்பி வரும் ஒளியும் விரியும் பகுதியில் வலுவூட்டப்படுகிறது. அதில் வாய்க்குள் நுழைவது 2%தான் என்றாலும், தெறிப்பு 5% ஆனால் ஒடுங்கிய பகுதிக்குள் புகும் வலு ஏறி, பின்முகத்தின் 4 மைக்ரோன் வாய் ஆபத்துக்குள்ளாகும். நுழையாத 98%உம் சும்மா போவதில்லை. ஒடுங்கிய பகுதியின் இரு பக்கமும் ஓடிப் பின்முகத்தில் பட்டுத் திரும்பி வந்து கற்றையோடு தலையிடும். அதைத் தடுக்கத்தான் ஒடுங்கிய பகுதியின் இருபுறமும் சாய்வாகப் பள்ளம் வெட்டுகிறார்கள். மாதிரியில் அந்தப் பள்ளங்களுக்குப் பதிலாக வலிய உறிஞ்சலை வைத்தால் போதும்.

ஓட்டம் கொடுக்காத கிணறு ஒளியை உறிஞ்சும்தான், ஆனால் உறிஞ்சிய ஒளியே காவிகளை உண்டாக்கி அதை வெளிறச் செய்யும். பக்கப் பகுதியை நிலையான உறிஞ்சியாக எழுதினால் உயர் வலுவில் விடை மிகையாக நல்லதாக வரும். அங்கேயும் காவிச் சமன்பாட்டைத் தீருங்கள்.

கற்றைத் தரம் எம்-வர்க்கம் எப்படி எடுப்பது?

எம்-வர்க்கம் 1 என்றால் கற்றை சுத்தக் கோசியன்; கூடக்கூட நுண்ணிய புள்ளியில் குவிப்பது கடினம். முன்முகத்துப் புலத்திலிருந்து மூன்று சராசரிகள்: இடத்தின் வர்க்கம், கோணத்தின் வர்க்கம், இடமும் கோணமும் சேர்ந்த பெருக்கம். முதல் இரண்டின் பெருக்கத்திலிருந்து மூன்றாவதன் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 4 பை ÷ அலைநீளத்தால் பெருக்குங்கள். அதுவே எம்-வர்க்கம். மூன்றாவதைக் கோண வர்க்கத்தால் வகுத்தால் மாயப் புள்ளியின் தூரமும் கையோடு கிடைக்கும்.

இது இரண்டாம் திருப்ப வரைவிலக்கணம், ஐ.எஸ்.ஓ. 11146 நியமத்தில் உள்ளது. அளவீட்டுக் கட்டுரைகள் பல உச்சத்தின் 13.5% மட்டத்து அகலத்தை வைத்து 1.3 என்று எழுதும். அதே கற்றைக்கு இரண்டாம் திருப்பம் 3ஐயும் தாண்டலாம், ஏனெனில் தூர ஓரத்துச் சிறு கொம்புகளையும் அது எண்ணும். எந்த வரைவிலக்கணம் என்று எழுதாத எம்-வர்க்கத்தோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். பிரகாசம் = வலு ÷ (அலைநீள வர்க்கம் × இரு தளங்களின் எம்-வர்க்கங்கள்); 3 வாற்று, 1.5, 1.1 என்றால் சதுர செ.மீ. ஸ்ரேடியனுக்கு சுமார் 190 மெகாவாற்று.

நிரல் சரியென்று எப்படி நம்புவது?

நயத்தை நிறுத்திவிட்டு 2 மைக்ரோன் கோசியனை 2 மி.மீ. செலுத்துங்கள், ஆரை 95 மைக்ரோன் வர வேண்டும். அதை முன்முகத்தில் திருப்பி ஒடுங்கிய மோட்டோடு மேற்பொருத்தினால் 2% வர வேண்டும். பின்னர் முழு மாதிரியில் வலுச் சமநிலை பாருங்கள்: தூண்டிய காலல் உண்டாக்கிய மொத்த ஒளி, வெளியேறியதும் உள்ளே இழந்ததும் சேர்ந்ததற்கு 1%க்குள் சமமாக வேண்டும். கடைசியாக இரு திசைப் படியையும் பாதியாக்கிப் பாருங்கள். வலு மாறாமல் எம்-வர்க்கம் மட்டும் மாறினால் படி இன்னும் பெரிது.

நேரத்தோடு மாறும் மாதிரி எப்போது?

மோட் தாவல், துடிப்பு, நிறமாலை கேட்கப்பட்டால். ஒரு சுற்றுக்கு ஒளி எடுப்பது 76 பிக்கோ செக்கன், மோட் இடைவெளி 0.042 நனோமீற்றர். 5 மைக்ரோன் படிக்கு நேரப் படி 63 பெம்ரோ செக்கன். 10 நனோ செக்கன் பார்க்க ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட படிகள், ஒவ்வொன்றிலும் 12 லட்சம் புள்ளிகள். லெப்டொப்பின் வேலையல்ல. பேர்லினின் வயர்ஸ்ட்ராஸ் நிறுவனத்தில் இதற்கென்றே எழுதிய பிஏலேசர் என்ற மென்பொருள் பல கணுக்களில் ஒன்றாக ஓடும் வகையைச் சேர்ந்தது.

சாதாரண லெப்டொப்பில் முடியுமா? கரண்ட் போனால்?

நிலையான பீபிஎம் தாராளமாக ஓடும். பைதனில் நம்பை, சைபை என்ற கணிப்பு நூலகங்கள் இரண்டும் போதும், ஒக்டேவிலும் எழுதலாம். சுற்றுக்கு ஒரு செக்கன் அளவு, ஒரு ஓட்டப் புள்ளிக்கு 300 சுற்று என்றால் ஐந்து நிமிடம். 3 அம்பியர்வரை ஒரு வளைவு வரைய ஒரு மணித்தியாலம்.

ஒவ்வொரு 20 சுற்றுக்கும் மூன்று அணிகளையும் கோப்பில் எழுதுங்கள். முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பிறகு பெயரை மாற்றுங்கள். எழுதும்போதே கரண்ட் போனால் பழைய கோப்பாவது தப்பும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகலில் ஓடவிட்டால் லெப்டொப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துவிடும். விடியப்புறம் ஓடவிடுவதே நல்லது. அடியில் இரண்டு புத்தகம் வைத்துக் காற்றுக்கு இடம் விடுங்கள், மெத்தையில் வைக்க வேண்டாம்.